கிளாவேயின் மேல் கட்டிய வீடு: மச்சீத்தோ இசைக்குழுவும் ஆப்ரோ-கியூப ஜாஸும்

ஆப்ரோ-கியூப ஜாஸ் பிறந்த நாளாகப் பல ஜாஸ் வரலாறுகள் 1947 செப்டம்பர் 29-ஐக் காட்டுகின்றன. அன்று நியூயார்க்கின் கார்னெகி ஹாலில், டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய இசைக்குழுவுடன் ஹவானாவிலிருந்து வந்திருந்த கொங்காக் கலைஞர் சானோ போசோ மேடையேறினார். அதே ஆண்டு டிசம்பர் 30-ல் இருவரும் சேர்ந்து ‘மான்தேக்கா’வைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஹார்லெம் மதுக்கடை ஒன்றில் போசோ சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு மேதைகளின் சந்திப்பு, ஒரு மகத்தான இசைத்தட்டு, ஓர் அகால மரணம் என்று கதைக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. அதனால்தான் இத்தனை காலமாக இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த மாலைக்கு ஏழு ஆண்டுகள் முன்பே ஹார்லெமில் ஓர் இசைக்குழு இதே வேலையைத் தன் அன்றாடப் பிழைப்பாகச் செய்துகொண்டிருந்தது. 1940-ல் தொடங்கிய ‘மச்சீத்தோவும் ஆப்ரோ-கியூபர்களும்’ என்ற அந்தக் குழுவில்தான் கியூபத் தாளமும் ஜாஸ் சுரவடிவமும் முதன்முறையாக நிலையாக ஒரே கூரையின் கீழ் குடியேறின. ஒரு சந்திப்பில் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்த இசை உண்மையில் பல்லாண்டு ஒத்திகையில் உருவானது என்பதே என் வாதம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், அந்த இசை எப்படி இயங்குகிறது என்பதே நமக்குப் பிடிபடாமல் போய்விடும்.

குழுவுக்குப் பெயர் தந்தவர் ஃபிராங்க் கிரில்லோ என்ற மச்சீத்தோ. ஹவானாவில் வளர்ந்து, 1937-ல் நியூயார்க் வந்து சேர்ந்த பாடகர் அவர். மராக்காவைக் குலுக்கிக்கொண்டு குழுவின் முன்னால் நின்று பாடுவார். குழுவின் ஒலியை வடிவமைத்தவர் பின்வரிசையில் டிரம்பெட்டோடு உட்கார்ந்திருந்த மரியோ பவுசா. மச்சீத்தோவின் சகோதரி எஸ்தேலாவை மணந்தவர். இளமையில் ஹவானாவிலிருந்தே மச்சீத்தோவின் நண்பர். 1911-ல் பிறந்த பவுசாவுக்குக் கிடைத்த இசைக் கல்வி அந்தக் காலத்தில் அரிதானது. சிறுவனாகவே ஹவானா ஃபில்ஹார்மோனிக் குழுவில் கிளாரினெட் வாசித்தார். 1926-ல், 15 வயதில், அந்தோனியோ மரியா ரொமேயுவின் குழுவோடு ஒலிப்பதிவுக்காக நியூயார்க் சென்றபோது ஹார்லெமின் இசையைக் கேட்டார். கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’வையும் கேட்டார். 1930-ல் ஒரேயடியாக அங்கே குடிபெயர்ந்தார். 1933 முதல் சவாய் நடன அரங்கின் நாயகர் சிக் வெப்பின் குழுவில் டிரம்பெட் வாசித்து, அதன் இசை இயக்குநராகவும் உயர்ந்தார். பிறகு டான் ரெட்மன், கேப் காலவே குழுக்களில் இருந்தார். 1939-ல் இளைஞர் கில்லெஸ்பி காலவேயின் குழுவில் சேர வழிசெய்தவரும் அவரே. ஆக, கறுப்பு அமெரிக்கப் பெரிய குழுக்கள் எப்படி ஒத்திகை பார்க்கின்றன, பித்தளைக் கருவிகளையும் சாக்ஸபோன்களையும் எப்படி எதிரெதிரே நிறுத்துகின்றன, நடனமாடுவோரை எப்படி இழுத்துப் பிடிக்கின்றன என்பதையெல்லாம் அவர் உள்ளிருந்தே பார்த்திருந்தார். ஹவானாவின் தாளமோ அவர் உடம்போடு வந்தது.

அந்தத் தாளத்தின் கணக்கைச் சற்றுப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 16 சம மாத்திரைகளை ஓட்டமாக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 ஆகிய எண்கள் வரும்போது மட்டும் கையைத் தட்டுங்கள். முதல் எட்டில் மூன்று தட்டு, அடுத்த எட்டில் இரண்டு தட்டு. இதுதான் சோன் கிளாவே. மூன்றாவது தட்டை 7-லிருந்து 8-க்குத் தள்ளினால் ரும்பா கிளாவே. ஸ்பானிய மொழியில் கிளாவே என்ற சொல், புதிரை விடுவிக்கும் குறிப்பையும் சுட்டும். முதல் பாதி எதிராக இழுக்கிறது, இரண்டாம் பாதி தரையில் இறக்கி வைக்கிறது. பாடல் தொடங்கிவிட்டால் இந்த வரிசை நடுவில் புரளக் கூடாது. பியானோ, பாஸ், டிரம்பெட், பாடகரின் சொல்லழுத்தம் எல்லாமே எந்தப் பாதியில் இருக்கிறோம் என்று அறிந்தே விழ வேண்டும். கர்நாடகக் கச்சேரியில் தாளம் பாடகரின் கையில் கண்ணுக்குத் தெரிகிறது. கிளாவேயை மேடையில் ஒருவரும் தட்டாமலே இருக்கலாம். ஆனாலும் எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்றின் பக்கத்தில் விழ வேண்டிய ஒரு டிரம்பெட் வரி இரண்டின் பக்கத்தில் விழுந்துவிட்டால், கியூபக் கலைஞர்கள் அதை ‘க்ருசாதோ’ என்பார்கள், அதாவது குறுக்கே விழுந்தது என்று. சுருதி விலகியதுபோலவே அது அவர்கள் காதை உறுத்தும். ஜாஸ் இசையில் இப்படி ஒரு திசை கிடையாது. அங்கே ஒவ்வொரு நான்கு அடியும் தனித்தனியே சமமானது. அதற்குள் முன்பின்னாக நகரும் சுதந்திரம்தான் ஸ்விங். இந்த இரண்டையும் வெறுமனே சேர்த்துவிட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். எது அடித்தளம், எது மேல்தளம் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

கியூப வாடை ஜாஸுக்குப் புதிதா என்ன, என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1914-ல் வெளியான டபிள்யூ. சி. ஹேண்டியின் ‘செயின்ட் லூயிஸ் புளூஸ்’ பாடலிலேயே ஹபனேரா நடை உண்டு. ஜெல்லி ரோல் மார்ட்டன் தன் இசையில் ‘ஸ்பானியச் சாயல்’ வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னவர். எல்லிங்டன் குழுவில் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ஹுவான் டிஸோல் ‘காரவான்’ தந்தார். 1930-ல் டான் அஸ்பியாசு குழு நியூயார்க்கில் பதிவு செய்த ‘எல் மனிசேரோ’ என்ற கடலைக்காரன் பாட்டு அமெரிக்காவெங்கும் பரவியது. நியூ ஆர்லியன்ஸுக்கும் ஹவானாவுக்கும் இடையே கப்பல் ஓடிய காலம் முழுவதும் இசையும் ஓடியது. இதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் மார்ட்டன் சொன்ன சொல்லையே கவனிக்க வேண்டும்: சாயல். சாதத்தில் தெளித்த மிளகுத்தூள்போல அது மேலே இருந்தது. அந்த அமெரிக்கப் பாடல்களில் கியூப நடை ஒரு பகுதியில் வந்து, அடுத்த பகுதியில் விலகிவிடும். தாளக் குழுவும் அமெரிக்க டிரம்ஸ்தான். 1930-களில் வால்டார்ஃப்-அஸ்டோரியா விடுதியில் சேவியர் குகாட் நடத்திய ரும்பா இரவுகளில் கியூபக் கருவிகள் இருந்தன; ஆனால் மேல்தட்டு விருந்தினரின் காலுக்கு ஏற்ப அவை மென்மையாக்கப்பட்டிருந்தன. கியூபத் தாளக் குழு முழுதாக, மெருகேற்றப்படாமல், ஸ்விங் குழுவின் பித்தளை வலுவோடு ஒரே மேடையில் நின்றதற்கு 1940-க்கு முன்னால் சான்று கிடைப்பது அரிது.

1940 டிசம்பரில், 110-வது தெருவும் ஐந்தாம் அவென்யூவும் சந்திக்கும் இடத்திலிருந்த பார்க் பேலஸ் நடன அரங்கில் மச்சீத்தோவின் குழு முதன்முறையாக வாசித்தது. அடுத்த ஆண்டு காலவேயின் குழுவை விட்டு வந்து பவுசா இசைப் பொறுப்பை முழுதாக ஏற்றார். அவர் முதலில் செய்த வேலை இசைக்கோப்புகளை எழுதவைப்பது. அதற்குக் காலவேயின் குழுவுக்கு எழுதிய ஜான் பார்ட்டீ போன்ற அமெரிக்கர்களை அமர்த்தினார். பின்னர் ஹவானாவிலிருந்து வந்த பியானோக் கலைஞர் ரெனே எர்னாண்டஸ் அந்தப் பொறுப்பை ஏற்றுப் பல ஆண்டுகள் குழுவின் மூளையாக இருந்தார். அமெரிக்கருக்கு ஸ்வரக்கூட்டு தெரியும், கிளாவே தெரியாது. அவர்கள் எழுதிக்கொண்டு வரும் வரிகளை ஒத்திகையில் வாசித்துப் பார்த்து, எது எந்தப் பாதியில் விழ வேண்டும் என்று மாற்றி அமைப்பது அன்றாட வேலையாயிற்று. 1940-களின் நடுப்பகுதிக்குள் கொங்கா, பாங்கோ, டிம்பாலே ஆகிய மூன்றும் ஒன்றாக நிலைபெற்றன. பாங்கோவில் ஹொசே மங்குவல், டிம்பாலேயில் உபால்தோ நியேத்தோ, கொங்காவில் முதலில் கார்லோஸ் விடால், பிறகு லூயிஸ் மிராண்டா. இன்று உலகின் எந்த லத்தீன் குழுவிலும் இந்த மூன்றும் சேர்ந்து நிற்பதை இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். பெரிய நடனக் குழுவில் அதை இயல்பாக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் இவர்கள். (1960-களின் தமிழ்த் திரைப்பாடல்களில் பாங்கோவின் படபடப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கருவியின் ஒலி அந்நியமானதல்ல, அதன் சொந்த ஊர் கியூபாவின் கிழக்குப் பகுதி.)

குழுவின் பெயரையும் இங்கேயே பேசிவிட வேண்டும். ‘ஆப்ரோ-கியூபர்கள்’ என்று 1940-ல் நியூயார்க்கில் பெயர்ப்பலகை மாட்டுவது சாதாரணச் செயலல்ல. அமெரிக்காவில் நிறப் பாகுபாடு சட்டமாகவும் வழக்கமாகவும் இருந்த காலம். நகர மையத்தின் விடுதிகளில் வெள்ளைத் தோல் கியூபர்களுக்குக் கிடைத்த இடம் கறுப்புக் கியூபர்களுக்குக் கிடைக்கவில்லை. கியூபாவிலேயே கொங்காவும் வீதி ஊர்வலமும் நாகரிகமற்றவை என்று பல முறை தடை செய்யப்பட்டவை. ஹவானாவின் கொம்பார்சா ஊர்வலங்களுக்கு 1937-ல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. ஃபெர்னாண்டோ ஓர்த்திஸின் ஆய்வுகளும் நிக்கோலாஸ் கில்யேனின் கவிதைகளும் ஆப்பிரிக்க வேரைப் பற்றி மதிப்போடு பேசத் தொடங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. அந்த வேரை நடன அரங்கின் விளம்பரத்தில், பெரிய எழுத்தில், வருமானத்தையே பணயமாக வைத்து எழுதியவர்கள் இவர்கள். பெயர் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் குழு அதை ஓரிரு ஆண்டில் கைவிட்டிருக்கும். மாம்போ அலை வந்தது, சா-சா-சா வந்தது. குழுவின் பெயர் மட்டும் அப்படியே நின்றது. இந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

1943-ல் உருவான ‘தாங்கா’வைத்தான் இந்த இசையின் முதல் முழு வடிவமாகப் பலர் காட்டுகிறார்கள். அவ்வாண்டு மே மாதத்தில், வேறொரு பாட்டின் முன்னோட்டமாகப் பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஒரு சுழற்சியையும் அதற்கு அடியில் பாஸ் பிடித்த வரியையும் கேட்டு, அதன் மேல் சாக்ஸபோன்களுக்கும் டிரம்பெட்டுகளுக்கும் அடுக்கடுக்காக வரிகளைச் சொல்லி வாசிக்க வைத்தார் பவுசா. பதிவில் கேட்டால் அதன் கட்டுமானம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. அடியில் பாஸும் பியானோவும் ஒரே சுழற்சியில் ஓடுகின்றன. தாளக் கருவிகள் அதைப் பின்னிப் பிடிக்கின்றன. சாக்ஸபோன்கள் ஒரு சிறு வரியோடு நுழைகின்றன. அது நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரம்பெட்டுகள் இன்னொரு வரியோடு மேலே ஏறுகின்றன. கடைசியில்தான் தனி வாசிப்புக்காரர் வருகிறார். அவருக்குக் கீழே ஸ்வரக்கூட்டுகள் மாறுவதில்லை. சுரமாற்றத்தின் வழியே அலையும் பீபாப் காலத்துப் பழக்கத்துக்கு இது நேர் எதிர். தாளமே இங்கே கதை சொல்கிறது. வாசிப்பவர் அதனோடு பேசியாக வேண்டும். ஜாஸ் கலைஞர் விருந்தாளி, வீடு கியூபாவுடையது. நான் முன்னே கேட்ட கேள்விக்கு, அதாவது எது அடித்தளம் என்ற கேள்விக்கு, பவுசா தந்த விடை இது. அந்த விடையிலிருந்து அந்தக் குழு பின்னர் விலகவே இல்லை.

கடுமையான ஆட்சேபம் ஒன்று இங்கே எழும். ‘தாங்கா’வின் முழுப் பதிவு 1948–49 குளிர்காலத்தில்தான் வந்தது, ‘மான்தேக்கா’ அதற்கு முந்தியது. 1943 பற்றிய செய்திகளில் பெரும்பகுதி பவுசாவே முதுமையில் தந்த நேர்காணல்களிலிருந்து வருபவை. தனக்குரிய புகழ் கிடைக்கவில்லை என்று வருந்திய ஒருவரின் நினைவை எவ்வளவு தூரம் நம்புவது? இதை நான் லேசாகத் தள்ளவில்லை. ஆனால் அவர் சொல்லை விட்டுவிட்டாலும் சான்று நிற்கிறது. 1941-ல் டெக்கா நிறுவனத்துக்காகக் குழு பதிவு செய்த ‘சோப்பா தே பிச்சோன்’ போன்ற பாடல்களிலேயே கியூப வாசிப்பில் ஸ்விங் குழுவின் பித்தளை ஒலி சேர்ந்திருப்பது கேட்கிறது. கார்னெகி ஹால் நிகழ்ச்சிக்கு எட்டு மாதம் முன்பு, 1947 ஜனவரியில், நியூயார்க்கின் டவுன் ஹாலில் ஸ்டான் கென்டனின் குழுவும் மச்சீத்தோவின் குழுவும் ஒரே மேடையில் வாசித்தன. அந்த ஆண்டு கென்டன் ஓர் உருப்படிக்கு ‘மச்சீத்தோ’ என்றே பெயரிட்டுப் பதிவு செய்தார். டிசம்பரில் ‘கடலைக்காரன்’ பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தபோது மச்சீத்தோ குழுவின் தாளக் கலைஞர்களையே அழைத்துக்கொண்டார். எல்லாவற்றையும்விட வலுவான சான்று கில்லெஸ்பியிடமிருந்தே வருகிறது. காலவேயின் குழுவில் இருந்த நாளிலிருந்தே கியூப இசையைத் தன் காதில் போட்டவர் பவுசா என்றும், தனக்கு ஒரு கியூபத் தாளக் கலைஞர் வேண்டும் என்று கேட்டபோது சானோ போசோவைக் காட்டியவரும் பவுசாதான் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். புகழ் பெற்றவரே கடனை ஒப்புக்கொண்ட பிறகு நாம் மறுப்பதற்கு என்ன இருக்கிறது?

இதனால் ‘மான்தேக்கா’வின் பெருமை குறைந்துவிடுவதில்லை. போசோ ஹவானா வீதிகளின் ரும்பாவையும் அபாக்குவா சடங்குக் குழுவின் மரபையும் தன்னோடு கொண்டுவந்தவர். அந்த ஆழம் நியூயார்க் குழுக்களில் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பாடலின் உள்ளே சென்று பார்த்தால் வேறுபாடு தெரியும். போசோ தந்த அடுக்குச் சுழற்சிக்கு நடுவே கில்லெஸ்பி, தன் காதுக்கு வேண்டிய சுரமாற்றங்களோடு ஒரு நடுப்பகுதியைச் சேர்த்தார். கில் ஃபுல்லர் இசைக்கோப்பில் உதவினார். தனி வாசிப்பு வரும்போது குழு ஸ்விங் நடைக்குத் தாவிவிடுகிறது. பிறகு கொங்காவிடம் திரும்புகிறது. இரண்டு உலகங்களும் மாறி மாறி வருகின்றன. அந்த மாற்றத்தில் ஒரு பரபரப்பு இருக்கிறது, அழகும் இருக்கிறது. மச்சீத்தோவின் குழுவிலோ உலகம் மாறுவதில்லை. யார் வந்து வாசித்தாலும் கிளாவே ஓடிக்கொண்டேயிருக்கிறது. முதலாவது முறை சந்திப்பு, இரண்டாவது முறை குடித்தனம். ஜாஸ் வரலாறு சந்திப்புகளை விரும்புகிறது, ஏனென்றால் அது இசைத்தட்டுகளையும் தனிக் கலைஞர்களையும் வைத்து எழுதப்பட்ட வரலாறு. இரவுக்கு இரவு நடன அரங்கில் நடந்த வேலை இசைத்தட்டின் மூன்று நிமிடத்துக்குள் அடங்காது.

வந்த விருந்தாளிகள் யார் என்று பார்த்தாலே குழுவின் தகுதி விளங்கும். தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் ஏற்பாட்டில் 1948–49-ல் சார்லி பார்க்கர் இவர்களோடு ‘மாங்கோ மாங்குவே’, ‘ஓக்கி டோக்கி’ இரண்டையும் பதிவு செய்தார். பீபாப்பின் உச்சத்தில் இருந்த பார்க்கர், தன் வேகத்தை விடாமலே தாளத்தின் சந்துகளில் புகுந்து போகிறார். குழு ஓர் அங்குலமும் அவருக்காக வளைவதில்லை. அவருக்கு அது பிடித்துப்போனதற்கும் காரணம் அதுவே என்று தோன்றுகிறது, ஏனென்றால் உறுதியான சுவர் இருந்தால்தான் அதில் பந்தை எறிந்து விளையாட முடியும். 1950 டிசம்பரில் கியூபாவைச் சேர்ந்த சிக்கோ ஓஃபாரில் எழுதிய ‘ஆப்ரோ-கியூப ஜாஸ் சூட்’டை மச்சீத்தோவின் குழு பதிவு செய்தது. பார்க்கரும் டெனர் சாக்ஸபோனில் ஃபிளிப் ஃபிலிப்ஸும் டிரம்ஸில் படி ரிச்சும் அதில் உண்டு. சுமார் 17 நிமிடம் ஓடும் அந்த உருப்படியில் மெதுவான பாடலும் மாம்போவும் ஆறெட்டுத் தாளமும் ரும்பாவும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஓஃபாரில் ஐரோப்பிய இசைக் கல்வி பெற்றவர். அவர் எழுத்தை உயிரோடு வாசிக்க ஆயத்தமாக இருந்த குழு அன்று நியூயார்க்கில் இதுவே. எழுதியவருக்கு எவ்வளவு புகழ் உண்டோ, பத்தாண்டு ஒத்திகையால் அதற்குத் தயாராக இருந்த கைகளுக்கும் அவ்வளவு உண்டு.

இது நடனக் குழுதானே, ஜாஸ் குழு என்று எப்படிச் சொல்வது என்ற இன்னொரு ஆட்சேபமும் இருக்கிறது. குழுவின் வருமானம் நடனத்திலிருந்துதான் வந்தது என்பது உண்மை. பிராட்வேயும் 53-வது தெருவும் சந்திக்கும் இடத்திலிருந்த பலேடியம் அரங்கில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து மச்சீத்தோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரோட்ரிகஸ் மூவரின் குழுக்களும் மாம்போவின் மும்மூர்த்திகளாக வாசித்தன. புவெந்தே அதற்கு முன்பு சில காலம் மச்சீத்தோவின் குழுவிலேயே இருந்தவர். அந்தத் தளத்தில் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் கறுப்பர்களும் யூதர்களும் இத்தாலியர்களும் ஒன்றாக ஆடினார்கள். அன்றைய அமெரிக்காவில் அப்படி ஓர் இடம் அரிது. கோடையில் குழு கேட்ஸ்கில் மலையின் கான்கார்ட் விடுதிக்குப் போய் விடுமுறையாளர்களுக்கு வாசிக்கும். ஆனால் நடனத்தை ஜாஸுக்கு எதிராக நிறுத்துவது பிற்காலப் பழக்கம். சிக் வெப்பும் பேஸியும் எல்லிங்டனும் யாருக்காக வாசித்தார்கள்? நடனமாடுபவர்களுக்காகத்தான். இன்னும் சொல்லப்போனால், கிளாவேயின் கண்டிப்பான ஆசிரியர் நடனத் தளமே. வரி குறுக்கே விழுந்தால் இசை விமர்சகருக்குத் தெரியாமல் போகலாம், ஆடுபவரின் காலுக்குத் தெரிந்துவிடும். இந்தக் குழு ஜாஸ் மன்றமான பேர்ட்லேண்டிலும் வாசித்தது, பலேடியத்திலும் வாசித்தது. இரண்டிலும் அதே இசைக்கோப்புகள்தான். உட்கார்ந்து கேட்பவருக்காகத் தாளத்தை மாற்றவில்லை.

ஹவானாவை மறந்துவிட்டு நியூயார்க்கையே பேசுகிறோமே என்ற குறையில் நியாயம் இருக்கிறது. 1938-ல் ஒரெஸ்தெஸ் லோபெஸ் ‘மாம்போ’ என்ற பெயரிலேயே ஒரு தான்சோன் நடன இசையை எழுதினார். அவரும் தம்பி கச்சாவோவும் அதை வளர்த்தார்கள். பார்வையற்ற இசைமேதை அர்செனியோ ரோட்ரிகஸ் 1940 வாக்கில் தன் குழுவில் கொங்காவையும் கூடுதல் டிரம்பெட்டுகளையும் சேர்த்து சோன் இசைக்கு எடை கூட்டினார். 1952-ல் ஹவானாவில் பேபோ வால்டெஸ் நடத்திய தெஸ்கார்கா ஒலிப்பதிவு, கியூபர்கள் தங்கள் வீட்டிலேயே ஜாஸ் பாணியில் விடுதலையாக வாசித்ததற்குச் சாட்சி. கியூப இசையின் எல்லா மாற்றங்களுக்கும் நியூயார்க்கைக் காரணமாக்குவது பிழை. நான் சொல்வது அதைவிடக் குறுகிய ஒன்று. ஸ்விங் காலத்துக் கறுப்பு அமெரிக்கக் குழுவின் முழு அமைப்பையும், அதன் இசைக்கோப்பு மரபையும், அதன் கலைஞர்களில் சிலரையும்கூட எடுத்துக் கிளாவேயின் மேல் நிரந்தரமாக உட்கார வைத்தது இந்தக் குழு. அது ஹார்லெமில்தான் சாத்தியம். அங்கேதான் ஒரு பக்கம் சவாயும் நடந்து போகும் தூரத்தில் ஸ்பானிய ஹார்லெமும் இருந்தன. இரண்டிலும் சம்பளம் வாங்கிய ஒரு மனிதரும் இருந்தார்.

அப்படியானால் குழுவின் தலைவர் யார்? பவுசாவைப் பற்றியே பேசிவிட்டு மச்சீத்தோவைப் பொம்மையாக்கிவிடுகிறோமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. மேடையின் முன்னால் நிற்பவரின் வேலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. மச்சீத்தோ சோனெரோ மரபில் தேர்ந்தவர். கோரஸ் ஒரே வரியைத் திரும்பப் பாட, இடையிடையே சொந்தமாகச் சொல் கட்டிப் பாடும் கலை அது. டிரம்பெட்டில் பார்க்கரின் கூட்டாளிகள் செய்ததை அவர் குரலில் செய்தார், அதுவும் கிளாவே பிசகாமல். 1943-ல் அவர் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டபோது, ஹவானாவின் ‘அனகாவோனா’ என்ற பெண்கள் குழுவில் பாடிக்கொண்டிருந்த கிராசியேலாவை பவுசா வரவழைத்தார். மச்சீத்தோவோடு ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரி முறை அவருக்கு. சில மாதங்களில் மச்சீத்தோ காயத்தோடு திரும்பி வந்தபின்னும் கிராசியேலா நிலைத்தார். காதல் பொலேரோவும் குறும்புப் பாட்டும் அவருக்கு ஒரே அளவு கைவந்தவை. ‘சி சி நோ நோ’வில் அவர் குரல் செய்யும் விளையாட்டை எந்தக் கருவியும் செய்துவிட முடியாது. ஆண்களின் குழுவில் மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் முதல் வரிசையில் நின்ற இந்தப் பெண்ணைப் பற்றி ஜாஸ் வரலாறுகள் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அது பெரிய குறை. மூவரும் ஒரே குடும்பம் என்பதால்தான், தலைமை மூன்றாகப் பிரிந்திருந்தும் குழு உடையாமல் இருந்தது.

1957-ல் பதிவான ‘கென்யா’ இந்தக் குழுவின் முதிர்ந்த வடிவம். ஏ. கே. சலீம் எழுதிய உருப்படிகள் அதில் பல உண்டு. கேனன்பால் ஆடர்லி போன்ற ஜாஸ் கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். பாட்டே இல்லாமல், கருவிகளை மட்டும் நம்பி, இசைத்தட்டு முழுவதும் கிளாவே நழுவாமல் போகிறது. அடுத்த பத்தாண்டில் காலம் மாறியது. 1966-ல் பலேடியம் மூடியது; பெரிய குழுவுக்குச் சம்பளம் தர அரங்குகள் இல்லை. 1970-களில் சல்சா என்ற புதுப்பெயரோடு இளைஞர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் மச்சீத்தோவைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1975-ல் கில்லெஸ்பியோடும் ஓஃபாரிலோடும் ஓர் இசைத்தட்டுச் செய்தபின், ஐரோப்பாவுக்குச் சிறு குழுவோடு போகலாமா என்ற கேள்வியில் குடும்பம் பிரிந்தது. பெரிய குழு இல்லாமல் அந்த இசை இல்லை என்று பவுசா நினைத்தார்; கிராசியேலாவும் அவரோடு விலகினார். மச்சீத்தோ போனார், வெற்றியும் பெற்றார். 1983-ல் கிராமி விருது கிடைத்தது. இரண்டு பேரின் நியாயமும் எனக்குப் புரிகிறது. என்றாலும் பவுசாவின் பயம் வீண் பயமில்லை, ஏனென்றால் அவர் 35 ஆண்டுகளாகக் கட்டியது அந்தப் பித்தளை வரிசைகளை வைத்துத்தான். 1984 ஏப்ரலில், லண்டனில் ரானி ஸ்காட் மன்றத்தில் வாசிக்கச் சென்றிருந்தபோது மச்சீத்தோ சரிந்து விழுந்து, சில நாட்களில் இறந்தார்.

பவுசா சும்மா இருக்கவில்லை. சொந்தமாக ஒரு பெரிய குழுவைத் திரட்டி, 80 வயதுக்குப் பிறகு மெசிடோர் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்காக அடுத்தடுத்து மூன்று இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார். மூன்றாவதன் பெயர் ‘944 கொலம்பஸ்’, அவர் குடியிருந்த கட்டடத்தின் எண். முதலாவதில், 1943-ல் பியானோவிலிருந்து பிடித்த அந்தச் சுழற்சியை ஓஃபாரிலின் கையால் பல பகுதிகள் கொண்ட நீண்ட உருப்படியாக விரித்து எழுதச் செய்திருந்தார். 1993 ஜூலையில் அவர் இறந்தபோது அந்தக் குழு வேலையில்தான் இருந்தது. 2009-ல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் இசைப்பள்ளி மாணவர்கள், தாளக் கலைஞர் பாபி சனாப்ரியாவின் தலைமையில் ‘கென்யா’வை முழுதாக மீண்டும் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார்கள். பலேடியத்தைப் பார்த்திராத அந்த மாணவர்கள், காகிதத்தில் இருந்ததை ஒத்திகையில் வாசித்து, எந்த வரி எந்தப் பாதியில் விழ வேண்டும் என்று திருத்தித் திருத்திக் கற்றார்கள்.